கடற்கரை ஊர்க் கால்பந்துக் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மரியாதைக்குரிய தலைவர் அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, வீரர்களே, வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வந்து இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். திடல் வேலையைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை. மேற்கு ஓரத்தில் மண்டிக் கிடந்த சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்துவிட்டோம். வடக்குப் பக்கக் கோல் போஸ்ட் மணலில் இறங்கிப் போயிருந்தது. அளந்து பார்த்து, மேல் கம்பியை விதிப்படி 2.44 மீட்டருக்கு உயர்த்தி, அடியில் கான்கிரீட் போட்டாயிற்று. கோலுக்குக் கட்டப் பழைய வலை கொடுத்த படகுக்காரர்களுக்கு நன்றி.

சரி, எல்லோரும் கேட்க வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஆடி மாதம் தேவிபட்டினம் பக்கத்தில் நடந்த நாக்அவுட் போட்டியில் அரையிறுதியில் 1-0 என்று தோற்றோம். ஆட்டம் முழுக்கப் பந்து நம்மிடம்தான் இருந்தது. கார்னர் மேல் கார்னர் கிடைத்தது. ஒன்றும் உள்ளே போகவில்லை. அவர்கள் ஒரே ஒரு தடவை நம் கோலுக்கு வந்தார்கள், அடித்தார்கள், ஜெயித்தார்கள். அதற்கு முந்தைய ஆட்டத்திலும் நமக்குக் கிடைத்தது ஒரு பெனால்டி கோல்தான். ஃபார்வேர்டு வரிசை வறண்டு போயிருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அன்று இரவு வேனில் ஆரம்பித்த விவாதம் ஏலக்கூடம், டீக்கடை, வலைக் கொட்டகை என்று வாரக்கணக்கில் நடந்தது. பேசியதை நான் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். நம் ஊர் ஆட்களுக்குக் கால்பந்து எவ்வளவு தெரியும் என்பது அந்த நோட்டைப் புரட்டினால் தெரியும்.

முதலில் எல்லோரும் கை காட்டியது முன்வரிசை நடுவில் ஆடும் ஒன்பதாம் நம்பர் தம்பியைத்தான். "அவனை உட்கார வைங்க மாப்ள, அர்ஜென்டினா என்ன பண்ணுச்சு?" என்றார் ஒருவர். அவர் சொன்னதிலும் விவரம் இருக்கிறது. 2022 நவம்பர் 22 அன்று கத்தார் உலகக் கோப்பையில் சவுதியிடம் அர்ஜென்டினா 2-1 என்று தோற்றது. முதல் இரண்டு ஆட்டத்தில் முன்வரிசையில் இறங்கியவர் லவுதாரோ மார்ட்டினெஸ். மூன்றாவது ஆட்டத்திலிருந்து அவர் இடத்தில் ஹூலியன் அல்வாரெஸ் இறங்கினார், நான்கு கோல் அடித்தார், கோப்பையும் வந்தது. ஆனால் கீழக்கரையிலிருந்து வந்து நம் ஊரில் கடை வைத்திருக்கும் காக்கா, அதாவது நம் அண்ணன், இன்னொன்றை எடுத்துப் போட்டார். "அந்த சவுதி மேட்ச்லயே முதல் பாதியில மூணு கோல் ஆஃப்சைடுன்னு போச்சு தம்பி. ஓடுற நேரம் தப்புனதுக்கு ஆளைக் குறை சொல்லி என்ன செய்ய?" 2018இல் பிரான்சுக்கு ஆடிய ஒலிவியே ஜிரூவையும் அவர்தான் நினைவுபடுத்தினார். ஒன்பதாம் நம்பர் போட்டு ஆடிய அவர் அந்த உலகக் கோப்பை முழுவதும் கோல் போஸ்டுக்குள் ஒரு ஷாட் கூட வைக்கவில்லை. டிஃபென்டர்களைத் தன் மேல் இழுத்து வைத்துக்கொண்டார், கிரீஸ்மனும் எம்பாப்பேயும் ஆளுக்கு நான்கு கோல் அடித்தார்கள், பிரான்ஸ் ஜெயித்தது.

ஆஃப்சைடு, அதாவது நம் ஆள் பந்தைத் தள்ளும் நேரத்திலேயே எதிரணிப் பின்வரிசையைத் தாண்டி நிற்பது பற்றிய பேச்சில் ஒரு பழைய தவறு வெளியே வந்தது. நம் பையன்கள் எதிரணியின் பின்வரிசை ஆளுக்கு ஒரு அடி பின்னால் நின்றுதான் ஓட ஆரம்பிக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "சமமா நின்னா ஆஃப்சைடுன்னு மாமா சொல்லிக் கொடுத்தாங்க" என்கிறார்கள். மாமா ஆடிய காலத்தில் அதுதான் விதி. 1990இல் அதை மாற்றி, கடைசிக்கு முந்தின ஆளுக்குச் சமமாக நின்றால் ஆஃப்சைடு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். இத்தனை வருடமாக ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு அடியை நாமே விட்டுக் கொடுத்திருக்கிறோம். விவரம் தெரிந்ததும் மாமாவே திடலுக்கு வந்து பையன்களை நிறுத்தி ஓடவைத்துத் திருத்தினார். அவருக்கு இந்தச் சபையில் நன்றி சொல்கிறேன்.

நடுவில் பாஸ் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம், அடிப்பதே இல்லை என்று கல்லூரித் தம்பிகள் சொன்னார்கள். அது உண்மை. அதே கத்தாரில் மொராக்கோவுக்கு எதிராக ஸ்பெயின் ஆயிரத்துக்கும் மேல் பாஸ் போட்டும் ஒரு கோல் அடிக்க முடியவில்லை, கடைசியில் பெனால்டியில் வெளியேறியது. நமக்கு இதோடு இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. நம் திடல் மணல். பந்து உருளாது என்று எல்லாவற்றையும் தூக்கியே அடித்துப் பழகிவிட்டோம். அரையிறுதி ஆடிய இடம் கட்டாந்தரை, அதோடு மேற்கேயிருந்து அடிக்கும் கச்சான் காற்று. நாம் போட்ட கிராஸ் எல்லாம் கோலைத் தாண்டிப் போய் விழுந்தன.

ஆனால் என் நோட்டில் நான் கோடு போட்டு வைத்திருப்பது வேறு ஒரு பேச்சு. கொட்டகையில் வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "ஏம்ப்பா, தடைக்காலத்துல இதே பயலுகதானே ஆடுனானுக, அப்ப கோல் எப்படி விழுந்துச்சு?"

கொட்டகை அமைதியாகிவிட்டது. மீன்பிடித் தடையால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் பதினோரு பேரும் தினமும் சாயங்காலம் திடலில் இருந்தார்கள். கோடைப் போட்டியில் ஒவ்வொரு ஆட்டத்திலும் கோல் அடித்தோம். தடை முடிந்ததும் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி போக ஆரம்பித்தன. நம் பயிற்சியாளர் ராமநாதபுரத்தில் வேலை பார்க்கிறவர், முக்கியப் பயிற்சி சனிக்கிழமை சாயங்காலம். அந்த நேரத்தில் ஒன்பதாம் நம்பரும் இடது விங் ஆடுகிறவனும் நடுவிலிருந்து பந்து பிரித்துக் கொடுக்கிறவனும் கடலில் இருக்கிறார்கள். இரவெல்லாம் வலை இழுத்து, ஞாயிறு காலை கரைக்கு வந்து, மீனை இறக்கிவிட்டு, தூக்கம் இல்லாமல் ஆட்டத்துக்கு வருகிறார்கள். டிஃபென்ஸ் ஆட்கள் கரையில் வேலை பார்க்கிறவர்கள், படிக்கிறவர்கள். அவர்கள் சனிக்கிழமை தவறாமல் பயிற்சி செய்தார்கள், அதனால்தான் நாம் ஒரு கோலுக்கு மேல் வாங்கவில்லை. கோல் அடிக்க வேண்டிய மூன்று பேரும் ஆடியில் ஒரு தடவைகூடச் சேர்ந்து பயிற்சி செய்யவில்லை. ஒருத்தன் எப்போது ஓடுவான் என்று மற்றவனுக்கு எப்படித் தெரியும்?

இது கடற்கரை ஊர். இதை முதலில் பார்த்திருக்க வேண்டியவன் நான். செயலாளர் என்ற முறையில் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் மனது கனத்துத்தான் சொல்கிறேன். தோற்ற அன்று வேனிலும், மறுநாள் ஏலக்கூடத்திலும், அந்த ஒன்பதாம் நம்பர் தம்பியைப் பேசிய பேச்சு சரியில்லை. அவன் அம்மா மீன் எடுக்க வந்த இடத்தில் காதுபடவே பேசினார்கள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவன் திடல் பக்கமே வரவில்லை. நான் வீட்டுக்குப் போனபோது பூட்ஸைக் கழுவிக் காயவைத்து, பையில் போட்டுக் கட்டி வைத்திருந்தான். "இனி வேணாம்ணே" என்றான். பெரியவர் கேட்ட கேள்வியை அவனிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவுகளாச்சும் சொன்னாகளே" என்றான். அடுத்த நாள் வந்தான்.

ஆவணியில் பயிற்சியை வெள்ளிக்கிழமைக்கு மாற்றினோம். சாயங்கால அசர் தொழுகை முடிந்து ஆரம்பித்து, இருட்டுகிற வரை. சனிக்கிழமை காலை அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகிறவர்கள் என்பதால் அதற்கு மேல் இழுப்பதில்லை. பயிற்சியாளர் வேலை முடிந்து பஸ் பிடித்து வருகிறார். கிராஸைத் தூக்காமல், கோல் கோடு வரை போய்த் தரையோடு பின்னால் தள்ளிவிடுவதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்தோம். புரட்டாசியில் ஆடிய மூன்று நட்பு ஆட்டங்களில் இரண்டில் ஜெயித்தோம், ஒன்று சமன். ஒன்பதாம் நம்பர் தம்பி ஒரு கோலும் அடிக்கவில்லை. அவன் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு ஓடிய இடத்தில்தான் மற்றவர்கள் அடித்தார்கள். அதைப் பார்த்துக் கரையில் நின்றவர்கள் அவனுக்குக் கை தட்டினார்கள். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டதால் அதோடு ஆட்டம் நின்றது.

ஆகவே இந்தக் கூட்டத்தின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்களை வைக்கிறேன். வெள்ளிக்கிழமைப் பயிற்சிக்காகத் திடலில் இரண்டு விளக்குக் கம்பம் நடுவது. பயிற்சியாளரின் பஸ் செலவைக் கழகமே கொடுப்பது. தை பிறப்பதற்குள் கம்பம் நின்றுவிட்டால் பொங்கல் போட்டிக்கு மூன்று பேரையும் சேர்த்தே தயார் செய்துவிடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்