பேரைக் கேட்காத ஜெபம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதப் பிரசாரம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையையும், அதை மறுத்து எங்கள் ஆட்கள் எழுதிய கடிதங்களையும் வாசித்தேன். பக்தியை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார் கட்டுரையாளர். சுவிசேஷம் சொல்வது எங்கள் உரிமை, அரசியல் சட்டத்தில் 25-வது பிரிவு இருக்கிறது என்கிறார்கள் எங்களவர்கள். நான் பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்த சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிறிஸ்தவன். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை.

உரிமை இருக்கத்தான் செய்கிறது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில், மதச் சுதந்திரப் பிரிவில் 'பரப்புதல்' என்ற சொல் வேண்டுமா வேண்டாமா என்று வாதம் நடந்தபோது, வேண்டும் என்று பேசியவர்களில் டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் ஒருவர். பதினாலு வருஷம் கிறிஸ்தவப் பள்ளி, கல்லூரிகளில் படித்தேன், என்னை மதம் மாற்ற அங்கே யாரும் முயலவில்லை என்றார் அவர். பிறகு 1977-ல், மதமாற்றத் தடைச் சட்டத்தை எதிர்த்த ஸ்டெயின்ஸ்லாஸ் வழக்கில், கொள்கையைப் பரப்பலாம், ஆனால் இன்னொருவரை மாற்றுவது அந்த உரிமையில் சேராது என்றது உச்ச நீதிமன்றம். நம் மாநிலத்தில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-ல் திரும்பப் பெறப்பட்டது. சட்டத்தை வைத்து மல்லுக்கட்ட இரண்டு கட்சிக்கும் சரக்கு உண்டு. நான் சொல்ல வந்தது வேறு.

போன வருஷம் என் மனைவி ஒரு மருத்துவமனையில் பத்து நாள் படுத்திருந்தாள். பக்கத்துக் கட்டிலில் அம்பாசமுத்திரம் பக்கத்து ஆச்சி ஒருத்தி. நெற்றி நிறைய திருநீறு, ஒரு கையில் டிரிப்ஸ். ஒரு நாள் சாயங்காலம் மூன்று பேர் கைப்பிரதிப் பையோடு (சுவிசேஷத் துண்டுப் பிரசுரத்தை நாங்கள் கைப்பிரதி என்போம்) வார்டுக்குள் வந்தார்கள். ஒருவர் ஆச்சியின் தலையில் கையை வைத்து, வார்டு முழுக்கக் கேட்கும்படி ஜெபிக்க ஆரம்பித்தார். ஆச்சி எழுந்து போகவா முடியும்? கண்ணைத் திறந்தபடி மின்விசிறியையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஜெபம் முடிந்தபோது திருநீறு புருவத்தில் இழுவிக் கிடந்தது. ஒரு கைப்பிரதியை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு அவர்கள் அடுத்த கட்டிலுக்குப் போனார்கள். மறுநாள் காலையில் அதன்மேல் கஞ்சி டம்ளர் வைத்த வட்டம் இருந்தது.

அவர்கள் போன பிறகு ஆச்சி என் மனைவியிடம் கேட்டாள்: "ஏ தாயி, அவுகளுக்கு எம்பேரு தெரியுமா?"

எங்களவர்கள் அடிக்கடி காட்டுகிற வசனம் ஒன்று பேதுருவின் முதல் நிருபத்தில் இருக்கிறது. நம் நம்பிக்கையைக் குறித்து 'விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்' பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது. 'யாவருக்கும்' என்பதைப் பிடித்துக்கொள்கிறோம். அதற்கு முன்னால் நிற்கும் 'விசாரித்துக் கேட்கிற' என்பதை விழுங்கிவிடுகிறோம். முப்பது வருஷம் தமிழ் இலக்கணம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், பெயரெச்சத்தை வெட்டிவிட்டு வாக்கியத்துக்குப் பொருள் சொல்லக் கூடாது.

1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைத் தம் வீட்டுக்கே வரவழைத்து, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் கற்றார். அவரையும் நான் சாதுவாக்கவில்லை. வந்த புதிதில் சாமி சிலைகளை உடைத்தவர்தான். ஆனால் ஊர்க்காரர்களுக்குக் கேள்வி எழுதி அனுப்பி, அவர்கள் தங்கள் சமயத்தைப் பற்றிச் சொன்ன பதில்களை ஜெர்மன் மொழியில் ஆக்கித் தம் நாட்டுக்கு அனுப்பினார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் ஒரு நூலே எழுதி முடித்தார். புறமதத்தை வேரறுக்கத்தான் அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்று ஜெர்மனியில் ஹாலே நகரில் இருந்த மேலிடம் அதைக் கிடப்பில் போட்டது. 1867-ல்தான் அந்த நூல் சென்னையில் அச்சேறியது. 1715-ல் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டை நாங்கள் வருஷா வருஷம் பெருமையோடு பேசுகிறோம். அந்த மணலையும் கேள்விகளையும் பேசுவதில்லை.

எங்கள் ஊர்க் கதையும் ஒன்று உண்டு. தஞ்சாவூரில் ஒரு மராட்டியப் பிராமண விதவை, கிறிஸ்தவளாக வேண்டும் என்று தானே கேட்டாள். அவள் ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு மணமாகாமல் வாழ்ந்துவந்ததால் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் (பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம்) சம்மதிக்கவில்லை. அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-ல் பாளையங்கோட்டையில்தான் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அவள்தான் குளோரிந்தா. 1785-ல் அவள் எழுப்பிய கோவில் இன்றும் இருக்கிறது. கேட்டு வந்தவளையே காக்க வைத்தார்கள் அன்று. இன்று சுவிசேஷக் கூட்டம் முடிந்த மறுநாளே 'இத்தனை ஆத்துமாக்கள்' என்று கணக்குச் சொல்லி நோட்டீஸ் வருகிறது.

கட்டுரையாளருக்கும் ஒரு வார்த்தை. எல்லோரும் வீட்டோடு வைத்துக்கொண்டிருந்தால் என் வீட்டுக்கு அது வந்தேயிருக்காது. என் கொள்ளுத்தாத்தாவுக்கு எழுத்தும் வேதமும் ஒரே உபதேசியாரின் திண்ணையில் கிடைத்தன.

ஆச்சி கதையை முடித்துவிடுகிறேன். பெயரைக் கேட்டு, ஃபிளாஸ்க்கில் இருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தது என் மனைவி. நாலாம் நாள் ராத்திரி ஆச்சியே கேட்டாள்: "நீங்களும் வேதக்காரவுகதானா? தூங்கப் போகும்போது என்னமோ முணுமுணுக்கீகளே, அது என்ன?" பைபிளில் கர்த்தரை மேய்ப்பராகப் பாடுகிற 23-ம் சங்கீதம். என் மனைவி மெல்லச் சொன்னாள். 'உமது கோலும் உமது தடியும்' வந்ததும் ஆச்சி நிறுத்தினாள். நாற்பது வருஷம் ஆடு மேய்த்தவள். "ரெண்டு கம்பு சரிதான். ஒண்ணு தொரட்டி, கொப்ப வளைக்க. இன்னொண்ணு நாய் நரிய வெரட்ட." பாலர் பள்ளியிலிருந்து சொல்லிவருகிற சங்கீதம் அன்றைக்குத்தான் தனக்கு விளங்கியது என்கிறாள் என் மனைவி.

இதைச் சபைக் கமிட்டியில் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கைப்பிரதிப் பையை வீட்டில் வைத்துவிட்டுப் போகட்டும், முதலில் பெயரைக் கேட்கட்டும், ஜெபிக்கலாமா என்று கேட்டு, வேண்டாம் என்றால் நலம் விசாரித்துவிட்டுத் திரும்பட்டும் என்றேன். "அப்போ அது என்ன ஊழியம்?" என்றார் ஒருவர். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்குப் போகும் அன்று ஆச்சி, பாபநாசம் கோயில் திருநீறு ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனாள். என் மனைவி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அது எங்கள் வீட்டு அலமாரியில், பைபிளுக்கு மேல்தட்டில் இருக்கிறது. எங்கள் ஐயரிடம் இதுவரை சொல்லவில்லை. அவர் உங்கள் பத்திரிகையை வாசிக்கிறவர்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
பாளையங்கோட்டை.