கெட்டியா இருந்தா நல்ல ச்யூன்னு நெனச்சுடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல செல்லப்பிராணிகள் பத்தி வர்றத விடாம படிக்கிறேன். தடுப்பூசி, முடி கொட்டுறது, உண்ணி எல்லாம் எழுதுறீங்க, ஆனா நாய் கடிச்சிட்டே இருக்கட்டும்னு நாம வாங்கிப் போடுற ச்யூ பத்தி ஒண்ணும் வரல, அதான் இந்த லெட்டர்.

எங்க நாய் மணிக்கு நாலு வயசுல மாட்டுக் குளம்பு ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். ரொம்ப நாள் உழைக்கும், பல்லுக்கு நல்லதுன்னு பாக்கெட்ல போட்டிருந்துச்சு, நம்பிட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு பாத்தா சாப்பிடுறப்ப தலைய ஒரு பக்கமா சாய்ச்சே மெல்றான், பாதி தீவனம் வாய்லருந்து கீழ விழுது. உதட்ட தூக்கிப் பாத்தா மேல் வரிசைல இருக்குற பெரிய பல்லோட வெளிப்பக்கம் தகடு மாதிரி பேந்துபோய் நடுவுல சிவப்பா ஒரு புள்ளி தெரியுது. அது நரம்பும் ரத்தக்குழாயும் இருக்குற இடம்னு டாக்டர் சொல்லித்தான் தெரியும். அந்தப் பல்லுக்கு மூணு வேர், மயக்க மருந்து குடுத்து பல்ல துண்டாக்கித்தான் எடுத்தாங்க. அத்தன நாளும் அவன் ஒரு தடவ கூட முனகல, சாப்பாட்டையும் விடல, வால ஆட்டிக்கிட்டே தான் இருந்தான், அத நெனச்சா இப்பவும் மனசு ஆறல.

நாய்ப் பல்லோட எனாமல் நம்ம பல்லுல இருக்குறத விட மெல்லிசு. அதனால வாங்குறதுக்கு முன்னாடி கட்டைவிரல் நகத்தால அழுத்திப் பாருங்க, லேசா பள்ளம் விழணும், விழலன்னா வேண்டாம். இல்லன்னா அத எடுத்து நம்ம முழங்கால் சில்லுல தட்டிப் பாருங்க, நமக்கு வலிச்சா அது அவங்க பல்லுக்கு ஆகாது. குளம்பு, கொம்பு, எலும்பு, கெட்டி நைலான் எதுவுமே இதுல தேறாது. வேகவெச்ச எலும்பு இன்னும் மோசம், சில்லு சில்லா உடைஞ்சு தொண்டையையும் குடலையும் கிழிச்சிரும். கடைல பாக்கெட் போட்டு விக்கிற எலும்பால நாய்ங்க நோய்ப்பட்டதா, சிலது செத்தே போனதா புகார் வந்துச்சுன்னு அமெரிக்காவோட உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017லயே எச்சரிச்சிருக்கு.

தோல்ல செய்ற ரா ஹைட் மெதுவா இருக்கேன்னு நெனைக்கலாம், ஆனா பெரிய துண்டா முழுங்கினா வயித்துல ஊறிப் பெருசாகி அடைச்சுக்கும். திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பிடாம படுத்தே இருக்குறது, வெளிய போக முக்குறது, இதெல்லாம் பாத்தா நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடாதீங்க. எந்த ச்யூவா இருந்தாலும் நாயோட வாய விடப் பெருசா இருக்கணும், கடிச்சு கடிச்சு முழுசா முழுங்குற அளவுக்கு வந்துட்டா எடுத்துரணும். அப்ப கைய விட்டுப் பிடுங்காதீங்க, நாம பிடுங்குறோம்னு தெரிஞ்சா அவசரத்துல முழுங்கிரும், பிடிச்ச தின்பண்டம் ஒண்ணக் காட்டி மாத்திக்கோங்க. குட்டிங்களுக்கு பால் பல்லு 28தான், அதுங்க விழுற வரைக்கும் இன்னும் மெத்துன்னு இருக்குறதா பாருங்க.

நான் இப்ப வளையுற ரப்பர் பொம்மைக்குள்ள கொஞ்சம் பீநட் பட்டர் தடவிக் குடுக்குறேன். ஆனா அந்த டப்பால சைலிட்டால்னு (சர்க்கரைக்குப் பதிலா சேர்க்குற ஒரு இனிப்பு) போட்டிருக்கான்னு படிச்சிட்டுத்தான், ஏன்னா அது நாய்க்கு விஷம், ரத்தத்துல இருக்குற சர்க்கரைய சடார்னு இறக்கிரும், கல்லீரலையும் கெடுக்கும்.

கால்நடைப் பல் டாக்டர்ங்க நடத்துற வி.ஓ.எச்.சி.ன்னு ஒரு அமைப்பு இருக்கு, பற்காரை குறையுதுன்னு சோதனைல காட்டின பொருளுக்கு முத்திரை குடுக்குறாங்க, அதையும் பாத்து வாங்கலாம். பாக்கெட்டுல எந்த எடை நாய்க்குன்னு மட்டும் போட்டா போதாது, எவ்வளவு சின்னதானா தூக்கிப் போடணும்னு ஒரு கோடு போட்டுக் காட்டணும்னு கம்பெனிங்கள கேட்டுக்கறேன். நீங்களும் ஒரு கால்நடை டாக்டர்கிட்ட கேட்டு, அந்த மேல் பல்லு எது, உதட்ட எப்படி தூக்கிப் பாக்கணும்னு படத்தோட ஒரு தடவ போடுங்க.

இப்படிக்கு,
மணியோட வீட்டுக்காரர், உங்க வாசகர்