பூஜை மாடத்துப் பதக்கம்: ஒரு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டுப் பூஜை மாடத்தில் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரு வெள்ளி வட்டு இருந்தது. ஒருவர் உடம்பில் துணியில்லாமல் குதிரைமேல் உட்கார்ந்திருப்பார், குதிரையின் காலடியில் ஏதோ மிதிபடும். நாங்கள் ஓசூர் பக்கம் மத்திகிரியில் தலைமுறைகளாக இருக்கும் மராத்திக் குடும்பம். குதிரைமேல் இருப்பவர் மராத்தியர் கும்பிடும் குதிரைச் சாமி கண்டோபாதான், வேறு யார்? ஞாயிற்றுக்கிழமைகளில் மஞ்சள் வைப்போம். மறுபக்கம் ஒரு வெள்ளைக்காரரின் தலை. அதை மட்டும் அத்தை சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவார்.

முதல் நன்றி ஓசூர் வெள்ளிக் கடைக்காரருக்கு. போன வருடம் அந்த வட்டுக்கு வளையம் பற்றவைக்கக் கொண்டுபோனோம். கடைக்கார அண்ணன் அதைக் கையில் உருட்டிப் பார்த்து, "அம்மா, இது சாமி இல்லை, விளிம்பில் இங்கிலீஷில் பெயர் இருக்கிறது" என்றார். தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுத்திருந்தால் அந்த எழுத்தெல்லாம் போயிருக்கும். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காகிதத்தில் எழுதித் தந்தார். கூலி வாங்கவில்லை. பெயர் என் கொள்ளுத் தாத்தாவுடையது. கூடவே ஒரு எண், சவார் (சாதாரணக் குதிரை வீரர்) என்ற பதவி, மைசூர் லான்சர்ஸ் என்ற ஈட்டிக் குதிரைப்படையின் பெயர்.

இரண்டாவது, பெங்களூரில் இருக்கும் ஓய்வுபெற்ற தஃபேதார் (குதிரைப்படையில் ஹவில்தாருக்குச் சமமான பதவி) ஐயாவுக்கு. 61ஆம் குதிரைப்படையில் இருந்தவர். சுதந்திரத்துக்குப் பிறகு மைசூர், ஜோத்பூர் போன்ற சமஸ்தானங்களின் குதிரைப்படைகளை ஒன்றாக்கி உருவான படை அது, ஆகவே அவருக்கு இது சொந்தக்காரர் வீட்டு விஷயம். கண்டோபா அல்ல, முதல் உலகப் போரில் வேலை செய்தவர்களுக்குக் கொடுத்த பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் என்று விளக்கினார். குதிரைமேல் இருப்பவர் இங்கிலாந்துக்காரர்களின் காவல் புனிதர் செயிண்ட் ஜார்ஜ். அந்தத் தலை ஐந்தாம் ஜார்ஜ் மன்னர். அத்தை இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

கொள்ளுத் தாத்தா மைசூர் மகாராஜாவின் குதிரைப்படையில் சேர்ந்து கடல் தாண்டிப் போனவர் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். சேர்ந்தபோது பத்தொன்பது வயதாம். மீதியை அப்பா நிரப்பிவிட்டார். முதல் உலகப் போரில் இந்தியக் குதிரைப்படை பிடித்த ஹைஃபா நகரின் (இன்றைய இஸ்ரேலில் இருக்கிறது) பெயரை 2018இல் தில்லி தீன் மூர்த்தி சவுக்கத்துக்கும் சேர்த்தார்கள் அல்லவா, அந்தச் செய்தியைப் படித்த நாள் முதல் எங்கள் தாத்தா ஹைஃபா வீரர். 1918 செப்டம்பர் 23 அன்று ஈட்டியோடு குதிரையில் பாய்ந்து, கார்மல் மலைமேல் இருந்த பீரங்கிகளைப் பிடித்தவர். நானும் நம்பினேன். செப்டம்பர் 23க்கு ஒரு சின்ன நினைவு விழா வைக்கலாம் என்று 'ஹைஃபா மாவீரர்' என்று ஃபிளெக்ஸ்கூட அடித்துவிட்டேன்.

தஃபேதார் ஐயா ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. "ஆதாரம் இருக்கிறதா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அத்தையின் தகரப் பெட்டியில் ஒரு காகிதம் இருந்தது. மோடி எழுத்து, அந்தக் காலத்தில் மராத்தியை வேகமாக எழுதப் பயன்படுத்திய கூட்டெழுத்து. யாருக்கும் படிக்கத் தெரியாததால் அது ஏதோ நிலப் பத்திரம் என்று எல்லோரும் நம்பி, ஐந்து வீடு மாறியும் பத்திரமாக வைத்திருந்தார்கள். கடிதம் என்று தெரிந்திருந்தால் என்றைக்கோ அடுப்புக்குப் போயிருக்கும். தஞ்சாவூரில் மோடி கற்றுக்கொடுக்கும் அம்மா ஒருவர், சரஸ்வதி மகாலின் மோடி ஆவணங்களில் பழகியவர், படத்தை அனுப்பிய பத்தாம் நாள் முழுதையும் தமிழில் எழுதி அனுப்பினார். அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று இன்னும் தெரியவில்லை. புரியாத நான்கு சொற்களை ஊகித்து எழுதாமல் வெற்றிடமாக விட்டீர்களே, அதற்கும் சேர்த்து.

நிலம் இல்லை என்று தெரிந்ததும் பெரியப்பா மகனுக்குச் சுரத்து போய்விட்டது. அது கிடக்கட்டும்.

கடிதம் கொள்ளுத் தாத்தா தன் அண்ணனுக்கு எழுதியது. அதில் உள்ள திதியைக் கணக்குப் போட்டால் 1918 செப்டம்பர் கடைசி வாரம் வருகிறது. எழுதிய இடம் மிசர் தேசத்து, அதாவது எகிப்து, ஆஸ்பத்திரி. ஆற்றுப் பள்ளத்தாக்கில் காய்ச்சல் கண்டு தன்னை இங்கே அனுப்பிவிட்டார்கள், சேனை வடக்கே போய்விட்டது, கடலோரம் ஏதோ ஒரு ஊரைப் பிடித்தார்களாம் என்று எழுதியிருக்கிறார். அந்த ஊரின் பெயர்கூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆக, தாத்தா ஹைஃபாவில் இல்லை.

ஆற்றுப் பள்ளத்தாக்கு என்றால் யோர்தான். தஃபேதார் ஐயாவும், பெங்களூர் ஆவணக் காப்பகத்தில் தூசி தட்டிக் கோப்பு எடுத்துத் தந்த ஊழியர்களும் சேர்ந்துதான் எனக்கு இதைப் புரியவைத்தார்கள். 1914 இறுதியில் எகிப்துக்குப் போன படை, சூயஸ் கால்வாய்க் கரையில் மாதக் கணக்காக ரோந்து. அப்புறம் பாலஸ்தீனம். 1918 கோடையில் கடல் மட்டத்துக்கு முந்நூறு மீட்டருக்கும் கீழே இருக்கும் அந்தப் பள்ளத்தில் வெயில், புழுதி, கொசு. குண்டில் விழுந்தவர்களைவிட மலேரியாவில் விழுந்தவர்கள் அதிகம். ஜூலை 14 அன்று ஆற்றங்கரையில் ஜோத்பூர்க்காரர்களும் மைசூர்க்காரர்களும் ஈட்டியோடு பாய்ந்த ஒரு சண்டை நடந்தது. அதில் தாத்தா இருந்திருக்கலாம். இருந்தார் என்று நான் சொல்லமாட்டேன், இந்தப் பாடத்தை நன்றாகக் கற்றுவிட்டேன்.

கடிதத்தில் பாதி குதிரையைப் பற்றியது. "என் குதிரையை வேறு ஒருவனிடம் கொடுத்துவிட்டார்கள். அதற்கு வலப்பக்கம் கடிவாளத்தை இழுத்தால் பிடிக்காது, இதை அவனிடம் யார் சொல்வார்கள்" என்று அண்ணனிடம் கேட்கிறார், மத்திகிரியில் இருக்கும் அண்ணன் ஏதோ செய்துவிட முடியும் என்பதுபோல. படைக்குக் குதிரை வளர்த்த ஊர் எங்களுடையது, லாயத்தில் வளர்ந்த பையன் வேறு எதைக் கேட்பான்? ஹைஃபாவில் நம் பக்கம் இறந்தவர் 8 பேர், காயம் 34. குதிரைகளில் இறந்தவை 60, காயம் 83. இந்தக் கணக்கைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் குதிரை வடக்கே போனது, தாத்தா போகவில்லை.

ஹைஃபா பக்கம் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கும் நம் ஊர்த் தங்கைக்கும் நன்றி. விடுமுறை நாளில் இந்தியர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பெயர்களையெல்லாம் படம் எடுத்து அனுப்பினாய். தாத்தா பெயர் இல்லை, அவர்தான் 1920இல் ஊர் திரும்பிவிட்டாரே. ஆனாலும் அங்கே நீ வைத்த பூ அந்தப் பெயர்களுக்குச் சேரட்டும் பாப்பா.

கடைசியாக ஃபிளெக்ஸ் கடைத் தம்பிக்கு. 'ஹைஃபா மாவீரர்' என்பதை எடுத்துவிட்டு 'சவார், மைசூர் லான்சர்ஸ்' என்று மட்டும் மாற்றச் சொன்னபோது பாதிக் காசுதான் வாங்கினார். "என்ன சார், மாவீரர் இல்லையா?" என்று கேட்டார். காய்ச்சல் என்றேன். "எங்க தாத்தாவும் காய்ச்சல்லதான் போனார்" என்றார்.

விழாவை நவம்பருக்குத் தள்ளிவிட்டோம், மத்திகிரி வீட்டுத் திண்ணையில் வைக்கிறோம். மேலே சொன்ன எல்லோரும் வரவேண்டும். கடிதத்தை நானே தமிழில் படிக்கிறேன். பதக்கத்தை மட்டும் பூஜை மாடத்தில்தான் பார்க்க முடியும். அத்தை அதைக் கீழே இறக்க விடமாட்டேன் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை மஞ்சளும் நிற்கவில்லை.