போட்டோக்கொப்பியில் தெரியாத கை

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரத்தில் சித்திரம் படிக்கும் பிள்ளைகள் பலர் வரைவதில் எடுக்கும் புள்ளியைச் சித்திர வரலாற்றில் கோட்டைவிடுகிறார்கள். படிக்காததால் அல்ல. படத்தைப் பார்க்காமலே படத்தைப் பற்றி எழுத நாம்தான் பழக்கிவிட்டோம்.

சீகிரியா ஓவியம் ரியூசன் குறிப்பில் கறுப்பு வெள்ளையாக, தீப்பெட்டி அளவில் வருகிறது. அதை வைத்து நிறம் பற்றி எழுதச் சொன்னால் "வர்ணங்கள் அழகாகக் கையாளப்பட்டுள்ளன" என்றுதான் எழுதுவார்கள். வேறென்ன எழுத முடியும்? ஏ4 தாளில் ஒரேயொரு படத்தை வண்ணத்தில் அச்சடித்துக் கொடுங்கள். முதல் ஐந்து நிமிடம் பேச்சில்லாமல் பார்க்கட்டும். அடுத்த பத்து நிமிடம் பென்சிலால் கோட்டுப்படம். எழுத்து அதற்குப் பிறகுதான். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வர்ணம் எவ்வளவு குறைவு என்பதும், இடுப்புக்குக் கீழே மேகம் மறைப்பதும் கண்ணில் படும். ஒரு பெண்ணின் கையை ஓவியர் இடம் மாற்றி வரைந்திருக்கிறார். முன்பு வரைந்த கையும் கூடவே நிற்கிறது. போட்டோக்கொப்பியில் அந்தக் கை கிடையாது.

சுவரோவியத்தில் ஈரச்சுதை (ஈரப்பூச்சில் தீட்டுவது), உலர்சுதை (காய்ந்த பூச்சில் தீட்டுவது) வேறுபாட்டையும் காரணத்தோடு சொல்லிக்கொடுக்க வேண்டும். ஈரமான சுண்ணாம்புப் பூச்சில் நிறத்தைத் தண்ணீரில் குழைத்துத் தீட்டினால், பூச்சு காற்றுப்பட்டு இறுகும்போது நிறமும் அதிலேயே பிடித்துவிடும். அதனால் அன்றன்றைக்கு முடிக்கக்கூடிய அளவுக்கே பூச்சுப் பூசுவார்கள். வத்திக்கானின் சிஸ்ரைன் தேவாலய விதானத்தை மைக்கலாஞ்சலோ அப்படித்தான் வரைந்தார். டாவின்சி தமது இராப்போசன ஓவியத்தைக் காய்ந்த சுவரில் தீட்டினார். அவர் காலத்திலேயே அது உதிரத் தொடங்கிவிட்டது.

இன்னொன்று, நூற்றாண்டுக் கணக்கு. 1508 முதல் 1512 வரை வரைந்த சிஸ்ரைன் விதானத்தை 15ஆம் நூற்றாண்டு என்று எழுதுவது வருடாவருடம் நடக்கிறது. பிரெஞ்சு ஓவியர்களான மனேயும் மொனேயும் தமிழ்க் குறிப்புகளில் ஒரே ஆளாகிப் போகிறார்கள். மனப்பதிவு வாதத்துக்கு (இம்பிரஷனிசம்) பெயர் தந்த 1872ஆம் ஆண்டுச் சூரியோதய ஓவியம் மொனேயுடையது.

திருகோணமலைப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. அதைப் பயன்படுத்துவோர்தான் குறைவு. கன்னியாப் பக்கமாகப் போனால் வெல்கம் விகாரை. இராசராசப் பெரும்பள்ளி என்று தமிழ்க் கல்வெட்டுகள் சொல்லும் பௌத்தப் பள்ளி அது. அளவுநாடாவோடு காலை எட்டு மணிக்குள் அங்கே நிற்க வேண்டும். சாய்ந்த வெயிலில்தான் அடித்தளத்தின் வரிகள் நிழல் விழுந்து பிரிந்து தெரியும், உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். நிலத்திலிருந்து மேல்நோக்கி, 1:20 அளவில், உருண்டு வருவதையும் உள்வாங்குவதையும் தனித்தனியே வரையட்டும். சிதைந்த இடத்துக்குப் புள்ளிக்கோடு போதும், ஊகித்து நிரப்ப வேண்டாம். பிறகு சோழர் காலத்துப் பொலன்னறுவை இரண்டாம் சிவாலயத்தின் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இடம் யாருடையது என்ற வழக்கு வகுப்பறைக்கு வேண்டாம். அடித்தளத்தில் உருண்டு வரும் வரியான குமுதம் எந்தக் கட்டடத்தில் இருந்தாலும் குமுதம்தான்.

நிலாவெளி, குச்சவெளி தாண்டினால் திரியாய். அங்குள்ள வட்டதாகேயின் (தூபியைச் சுற்றிய வட்டக் கட்டடம்) தூண்களைப் பிள்ளைகளே எண்ணி, மெதிரிகிரியா வட்டதாகேயின் 16, 20, 32 தூண்கள் கொண்ட மூன்று வட்டங்களோடு ஒப்பிடட்டும்.

1950இல் கிணறு தோண்டும்போது கிடைத்த கோணேசர் கோயில் செப்புத் திருமேனிகளில் சோமாஸ்கந்தர் ஒன்று போதும், ஒரு முழுப் பாடத்துக்கு. பட்டும் மாலையும் சாத்திய நிலையில் உடலின் வளைவு தெரியாது, அலங்காரமில்லாத படம் தேவை. இப்படியான திருமேனிகளை "அச்சில் வார்த்தவை" என்று எழுதுவது பாதி உண்மை. மெழுகில் உருவம் செய்து, முதலில் நைசான வண்டலும் பிறகு பருமண்ணும் பூசி, காயவைத்துச் சூடாக்கி மெழுகை வடித்த பிறகே உலோகம் ஊற்றுவார்கள். மண்ணை உடைத்துத்தான் திருமேனியை எடுக்க வேண்டும். அதே அச்சில் இன்னொன்று வார்க்க முடியாது.

வலயக் கல்வி அலுவலகங்கள் தவணைக்கு ஒரு களப்பயணத்துக்கு அனுமதியும் பஸ்ஸும் தந்தால் இவ்வளவும் நடக்கும். தங்களிடமும் ஒரு வேண்டுகோள்: மாணவர் பக்கத்தில் மாதம் ஒரு கலைப்படைப்பை, கால் பக்க அளவில், வண்ணத்தில், விளக்கம் எதுவும் போடாமல் வெளியிடுங்கள். விளக்கத்தைப் பிள்ளைகள் எழுதட்டும்.

இங்ஙனம்,
சித்திரப் பாட ஆசிரியர்கள் சிலர்,
திருகோணமலை.