அந்த 52 சதவீதத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

கருத்துக்கணிப்பு என்றால் ‘52 சதவீதம் பேர் ஆதரவு’ என்று தலைப்பு பெரிதாக வந்துவிடுகிறது. எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்பதைத்தான் காணோம். சமவாய்ப்பு முறையில் (எல்லோருக்கும் தேர்வாகச் சம வாய்ப்பு இருக்கும்படி) 1,000 பேரைக் கேட்டிருந்தால், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது எல்லோரையும் கேட்டால் வரும் உண்மை மதிப்புக்கு நாம் போடும் எல்லை, ஏறக்குறைய 49 முதல் 55 வரை. பாதிக்கும் குறைவான ஆதரவு என்பதும் அதற்குள் அடக்கம். பிறகு பெரும்பான்மை என்று எப்படி அடித்துச் சொல்வது?

இயல்நிலைப் பரவலில் (மணி வடிவ வளைவில்) மையத்துக்கு இருபுறமும் 1.96 திட்டப்பிழை (ஆட்களை மாற்றி மாற்றிக் கேட்டால் விடை எவ்வளவு மாறும் என்பதன் அளவு) தூரம் போனால் 95 சதவீதம் அடங்கிவிடும், கணக்கு அவ்வளவுதான். அந்த 95-ஐத்தான் தப்பாகப் படிக்கிறோம் (பாடம் எடுக்கும் நானும் ஒரு காலத்தில் அப்படித்தான்). இதே முறையில் திரும்பத் திரும்ப மாதிரி (கேட்பதற்கான ஆட்கள்) எடுத்தால், 100 இடைவெளிகளில் சுமார் 95 உண்மை மதிப்பைப் பிடித்திருக்கும். கையில் இருக்கும் இந்த ஒன்று பிடித்ததா, தவறவிட்டதா என்பதை அது சொல்லாது.

பிழை வரம்பை (இங்கே இருபுறமும் சுமார் 3) பாதியாக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும், செலவு புரிகிறது. சரி, அந்த வரம்பை அச்சிட ஒரு வரி போதுமே. அப்புறம், கருதுகோள் சோதனையில் (தெரியும் வேறுபாடு தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்கும் கணக்கில்) ‘வேறுபாடு நிரூபணமாகவில்லை’ என்று வந்தால், ‘வேறுபாடே இல்லை’ என்று மாற்றி எழுதாதீர்கள். உண்மையில் வேறுபாடு இருந்தும், மாதிரி சிறியதாக இருப்பதால் அப்படி வரலாம்.

இப்படிக்கு,
புள்ளியியல் கற்பிக்கும் வாசகர்