ரோம் மாநகராட்சியின் தொல்லியல் துறைக்கு: அந்தக் கல் மரக்காலையும் காட்டுங்கள்

ஐயா, அம்மா, வணக்கம்.

எங்கள் கோவை வட்டாரத்தில் மண்ணைத் தோண்டி, ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் தலை பொறித்த காசுகளை எடுத்திருக்கிறார்கள். அந்த ஒட்டுறவில் அவருடைய கல்லறையைப் பற்றி எழுதுகிறேன்.

பல்லாண்டு பூட்டிக் கிடந்ததை 2021 மார்ச்சில் திறந்தீர்கள். சந்தோஷம். ஆனால் பார்க்க வருகிறவர்களுக்குப் பேரரசர்கள் கதையோடு நிறுத்திவிடாதீர்கள்.

அந்தக் கதையும் லேசுப்பட்டதல்லதான். கி.மு. 28 வாக்கில், முப்பதுகளின் நடுவிலேயே, சுமார் 87 மீட்டர் விட்டத்தில் தனக்குக் கல்லறை எழுப்பத் தொடங்கியவர் அகஸ்டஸ். முதலில் உள்ளே போனதோ, கி.மு. 23-இல், மருமகன் மார்செல்லஸ். (அக்காள் மகன், மகளைக் கட்டியவன், எங்கள் வழக்கில் இரண்டு வகையிலும் மருமகன்.) அப்புறம் தளபதி அக்ரிப்பா, பேரன்கள் என்று வரிசையாக வைத்துவிட்டு, கி.பி. 14-இல்தான் அவர் போய்ச் சேர்ந்தார். மகளுக்கும் ஒரு பேத்திக்கும் அங்கே இடமில்லை என்று உயிலில் எழுதிவைத்தார். இருவர் பெயரும் ஜூலியா.

இன்னொரு பேத்தி அக்ரிப்பினா, நாடுகடத்தப்பட்ட தீவில் பட்டினியால் இறந்தாள். மகன் காலிகுலா பட்டத்துக்கு வந்ததும் தானே கடல் தாண்டிப் போய் அவள் சாம்பலைக் கொண்டுவந்து இங்கே வைத்தான். இடைக்காலத்தில் யாரோ அவள் சாம்பல் வைத்திருந்த கல்லை எடுத்து, தானியம் அளக்கும் மரக்காலாக்கிவிட்டார்கள். அந்தக் கல் இப்போது உங்கள் காபிட்டோலின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவமரியாதை என்பார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சோறில்லாமல் செத்தவளின் கல்லில் ஊர் தானியம் அளந்திருக்கிறதே!

கல்லறையும் சும்மா கிடக்கவில்லை. கொலோன்னா குடும்பத்தின் கோட்டை, சோடெரினி குடும்பத்தின் தோட்டம், காளைச் சண்டைக் களம், 1908 முதல் இசையரங்கம். 1936-இல் சர்வாதிகாரி முசோலினி அரங்கை மூடி இடிக்கவைத்தார். சுற்றியிருந்த வீடுகளும் போயின. தன்னைப் புது அகஸ்டஸாக நினைத்தவருக்கு நடுவில் வந்தவர்கள் எல்லாம் குப்பை. அவர் உரித்துவைத்த மிச்சத்தைத்தான் இன்று நாம் பழமை என்று பார்க்கிறோம்.

அந்த இசையரங்கின் படங்களை உள்ளே ஒரு சுவரில் மாட்டுங்கள். அக்ரிப்பினாவின் கல்லைப் பெயர்த்துக் கொண்டுவர வேண்டாம், ஒரு பிரதி போதும். அவள் பெயரோடு, தானிய அளவு என்று பிற்காலத்தில் வெட்டிய எழுத்தும் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு வாசகன்