உத்யம் சான்றிதழோடு வரும் சிறு வணிகருக்கு நடப்புக் கணக்கு தாருங்கள்

மதுரை மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் அவர்களுக்கும், மாவட்டத்தின் வங்கிக் கிளை மேலாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மதுரையில் சிறு வணிகர்களுக்குக் கணக்கெழுதி வரிப் படிவங்களைத் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். வில்லாபுரத்தில் வீட்டிலிருந்தபடியே சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டு வாட்ஸ்அப்பில் விற்பவர்கள், உசிலம்பட்டிப் பக்கம் சிறுதானிய மாவு அரைத்து இன்ஸ்டாகிராமில் ஆர்டர் எடுப்பவர்கள் போன்றோருக்காகவே இதை எழுதுகிறேன்.

தனி உரிமையாளர் தொழிலைப் பதிவதற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. கூட்டு வணிகத்துக்கு 1932-ஆம் ஆண்டுச் சட்டமும், கம்பெனிகளுக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. தனியாளுக்கோ அவருடைய பான் எண்தான் தொழிலின் பான் எண். ஆகவே, வீட்டிலிருந்து புதிதாகத் தொடங்கும் ஒருவர் தொழிலின் பெயரில் பெறக்கூடிய முதல் ஆவணம் பெரும்பாலும் 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவுச் சான்றிதழாகவே இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு மத்திய அரசு தரும் சான்றிதழ் இது. ஆதாரும் பானும் இருந்தால் அரசு இணையதளத்தில் கட்டணமின்றிப் பதியலாம், புதுப்பிக்கவும் தேவையில்லை. இலவசமாகக் கிடைக்கும் இந்தச் சான்றிதழுக்குப் பணம் பறிக்கும் தனியார் தளங்களிடம் ஏமாறுவோர் இன்னும் இருக்கிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது. படிவத்தில் வங்கிக் கணக்கு எண் கேட்கப்படும். அதற்கு அவருடைய சேமிப்புக் கணக்கே போதும்.

இந்தச் சான்றிதழோடு நடப்புக் கணக்கு தொடங்க வருபவரிடம் பல கிளைகளில் முதலில் கேட்கப்படுவது ஜிஎஸ்டி சான்றிதழ். அது இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. 2023 அக்டோபர் 1 முதல், அந்த வரம்புக்குள் இருப்பவர் இணையச் சந்தைத் தளங்களிலும் ஒரு சேர்க்கை எண் பெற்று மாநிலத்துக்குள் விற்கலாம். வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்புபவரின் நிலை வேறு. கைவினைப் பொருள்களுக்குச் சில விலக்குகள் இருந்தாலும், பொதுவாக அவர் பதிவு பெற்றே ஆக வேண்டும். அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை.

சட்டம் கேட்காத பதிவைக் கணக்குத் தொடங்குவதற்காக மட்டும் ஒருவர் பெற்றால், அன்று முதல் சட்டத்தின் கடமைகள் அனைத்தும் அவர் தலையில் ஏறுகின்றன. வாங்குபவரிடம் வரி வசூலிக்க வேண்டும். விற்பனையே இல்லாத காலத்துக்கும் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். விற்பனை இல்லாத அந்தப் படிவம் தாமதமானாலும் நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் சேரும். சேலைக்கு இருநூறு, முந்நூறு லாபம் பார்ப்பவருக்கு ஆடிட்டர் கூலியும் இந்தக் கட்டணமும் எத்தனை பெரிய சுமை என்பதை அவர்களுடைய கணக்கை எழுதுகிறவன் என்ற முறையில் நான் அறிவேன்.

வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்ப்பதற்கான ரிசர்வ் வங்கியின் கேஒய்சி நெறிமுறைகள் ஜிஎஸ்டியைக் கட்டாயமாக்கவில்லை. தனி உரிமையாளர் கணக்குக்குத் தொழில் நடப்பதைக் காட்டும் ஆவணங்களில் ஏதேனும் இரண்டை அவை கேட்கின்றன. உத்யம் சான்றிதழும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இரண்டாவது ஆவணத்தில்தான் புதியவர் சிக்கிக்கொள்கிறார். தொழில் வருமானத்தைக் காட்டும் வருமான வரிப் படிவம் முதல் ஆண்டு முடியாமல் கையில் இருக்காது. வாடகை வீட்டின் மின்கட்டண ரசீது வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கும். பணியாளரே இல்லாத வீட்டுத் தொழிலுக்குக் கடைகள், நிறுவனங்கள் சட்டப் பதிவும் வாய்ப்பதில்லை. இதை உணர்ந்துதான், இரண்டு ஆவணங்கள் தர இயலாது என்று வங்கிக்குத் திருப்தி ஏற்பட்டால், நேரில் சென்று முகவரியையும் தொழிலையும் சரிபார்த்து, ஒரே ஆவணத்தை ஏற்கலாம் என்ற விருப்புரிமையை அதே நெறிமுறைகள் உங்களுக்குத் தந்திருக்கின்றன.

அந்த விருப்புரிமையைப் பயன்படுத்துங்கள் என்பதே என் வேண்டுகோள். போலி நிறுவனங்களின் பெயரில் கணக்குத் தொடங்கி மோசடி செய்வோர் பெருகியிருக்கும் காலத்தில் நீங்கள் எச்சரிக்கையாக இருப்பது நியாயமே. ஆனால் உங்கள் ஊழியர் ஒருவர் அந்த வீட்டுக்குப் போய், சாயம் காயும் சேலைகளையும் அனுப்பத் தயாராக இருக்கும் பார்சல்களையும் ஆர்டர் குறிப்பேட்டையும் பார்த்தால், எந்தச் சான்றிதழையும்விட உறுதியான சான்று அங்கே கிடைக்கும். நடப்புக் கணக்கு மறுக்கப்படுகிறவர் விற்பனைப் பணத்தைச் சேமிப்புக் கணக்கிலேயே வாங்குகிறார். வீட்டுச் செலவும் வியாபாரமும் ஒன்றாகக் கலந்து, பின்னாளில் சிறு தொழில்களுக்கான அரசுத் திட்டத்தில் 50,000 ரூபாய் வரை கிடைக்கும் முத்ரா சிசு கடனுக்கு அவர் உங்களிடமே வரும்போது தொழிலின் வரவுசெலவைத் தனியே காட்ட முடியாமல் தவிக்கிறார்.

ஏற்கப்படும் ஆவணங்களின் பட்டியலையும், ஒரே ஆவணம் உள்ளவர் கேட்கக்கூடிய நேரடிச் சரிபார்ப்பையும் தமிழில் எழுதி ஒவ்வொரு கிளையிலும் கண்ணில் படும்படி வையுங்கள். கணக்கு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். வாய்மொழி மறுப்பை மட்டும் வைத்துக்கொண்டு மேல்முறையிடுவது கடினம். முன்னோடி வங்கி மேலாளர் அவர்கள் மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூடும் அடுத்த வங்கியாளர் கூட்டத்தின் பொருள்நிரலில் இதைச் சேர்த்து, கிளைகள் எத்தனை தனி உரிமையாளர் விண்ணப்பங்களை என்ன காரணத்துக்காகத் திருப்பின என்ற விவரத்தை அங்கே கேட்டுப் பெற வேண்டும்.

இப்படிக்கு,
சிறு வணிகர்களுக்குக் கணக்கெழுதும் ஒருவர்,
மதுரை.